நீதிமன்றம் நியமித்த காப்பாளர் ஒருதலைப்பட்சமாக நடந்தால்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் சட்டத் தன்னார்வலராக உதவி மேசையில் உட்காரத் தொடங்கிய நாள்முதல், குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்குகளில் மாட்டிக்கொண்ட தாய்மார்களும் தந்தையரும் தாத்தா பாட்டிகளும் ஒரே விதமான சந்தேகங்களோடு வருவதைப் பார்க்கிறேன். ரெட்டிச்சாவடியைத் தாண்டிப் புதுச்சேரியிலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலோர் மனத்தில் இருப்பது ஒரே வேதனைதான்: "கோர்ட்டு அனுப்பிய ஆளே எதிர்த் தரப்போடு சேர்ந்துகொண்டார்." அந்த வேதனை சில நேரம் முழுக்க நியாயமானது, சில நேரம் தோல்வி பயத்திலிருந்து பிறந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் என்று நம்பி, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளையும், சட்டத்தில் உள்ளதை வைத்துப் பதில்களையும் எழுதியிருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் வழக்குக் கட்டைப் படித்த வழக்கறிஞர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

"கோர்ட்டுல ஒரு கார்டியனப் போட்டிருக்காங்களாம். அப்பா அம்மா ரெண்டு பேரும் உயிரோட இருக்கும்போது கார்டியன் எதுக்கு?"

அவர் உண்மையிலேயே காப்பாளர்தானா என்பதை முதலில் பாருங்கள். நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வரும் எல்லாரையும் நம் ஊரில் கார்டியன் என்றே அழைத்துவிடுகிறோம். சட்டத்தில் அவர்கள் வெவ்வேறு ஆட்கள். முதல் வகை, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்படி நியமிக்கப்படுபவர். ஜி.டபிள்யூ.ஓ.பி. என்ற எழுத்துகளோடு எண்ணிடப்படும் மனுக்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வருபவை. இவர் குழந்தையின் வளர்ப்புக்கோ, சொத்துக்கோ, இரண்டுக்குமோ பொறுப்பாளர் ஆகிறார். தாயோ தந்தையோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத வரையில், மூன்றாம் ஆளை வளர்ப்புக்குக் காப்பாளராக நியமிக்க இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம் தருவதில்லை. முன்பு அந்தப் பிரிவில் தந்தை மட்டுமே இருந்தார். 2010ஆம் ஆண்டுத் திருத்தம்தான் தாயையும் சேர்த்தது.

இரண்டாம் வகை, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளைப்படி ஒரு வழக்கில் மட்டும் குழந்தையின் சார்பாக நிற்கும் வழக்குக் காப்பாளர். மூன்றாம் வகையினர் காப்பாளர்களே இல்லை. குடும்பநல நீதிமன்றத்தின் ஆலோசகர், சந்திப்பை மேற்பார்வையிட அனுப்பப்படும் வழக்கறிஞர் ஆணையர், மனநல நிபுணர், நீதிமன்றத்துக்கு உதவும் அமிகஸ் கியூரி ஆகியோர் இதில் அடங்குவர். இவர்கள் பார்த்ததை எழுதித் தருகிறவர்கள், அல்லது கருத்துச் சொல்கிறவர்கள், முடிவு நீதிபதியுடையது. என்னிடம் வரும் முறையீடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகையினரைப் பற்றியவை. நியமன உத்தரவின் நகலைக் கையில் வாங்கி, எந்தப் பிரிவின் கீழ் அவர் வந்தார் என்று படித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பதில்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தே உங்களுக்குப் பொருந்தும் அல்லது பொருந்தாமல் போகும்.

"எனக்கு எதிரா ரிப்போர்ட் எழுதிட்டாங்க. அதுவே பாரபட்சம்தானே?"

இல்லை. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு வீட்டையும் பார்த்து, இரண்டு பக்கமும் பேசி, குழந்தையோடு நேரம் செலவிட்டு, காரணம் சொல்லி உங்களுக்குப் பாதகமாக எழுதப்பட்ட அறிக்கை பாரபட்சமானது ஆகாது. அது தவறாக இருக்கலாம். தவறை எதிர்க்கும் வழி வேறு. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவது, ஒரு பக்கம் சொன்னதை விசாரிக்காமல் உண்மை என்று எழுதுவது, தனக்கு ஆதாயமோ உறவோ பகையோ இருப்பதை மறைப்பது, முன்பே முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப ஆதாரம் தேடுவது ஆகியவையே பாரபட்சத்தின் அடையாளங்கள்.

பாரபட்சம் உண்மையில் இருந்தது என்று மனத்தைத் திறந்து காட்டி நிரூபிக்க யாராலும் முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கிராய்பாக் வழக்கில், வனத்துறைப் பதவிக்கான தேர்வுக் குழுவில் உட்கார்ந்த ஓர் அதிகாரியே அந்தப் பதவிக்குப் போட்டியிட்டவராகவும் இருந்தார். பாரபட்சம் இருந்திருக்கக்கூடும் என்று கருத நியாயமான அடிப்படை இருந்தாலே போதும் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் மனுவில் இந்த அளவுகோலை எடுத்துக் காட்டலாம். ஆனால் 'எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்ற சொல் மட்டும் அந்த நியாயமான அடிப்படை ஆகிவிடாது; நடந்த செயல் ஒன்றாவது வேண்டும்.

"அவரு எதிர் பார்ட்டியோட வக்கீலுக்குத் தெரிஞ்சவராம். இது போதாதா?"

கடலூரிலும் புதுச்சேரியிலும் நீதிமன்றத்தோடு தொடர்புள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது இயல்பு. ஒரே வளாகத்தில் தேநீர் குடிப்பதும் திருமண வரவேற்பில் ஒரே மேசையில் உட்காருவதும் தன்னளவில் குற்றமாகாது. சட்டம் கேட்பது வேறு: குழந்தையின் நலனுக்கு எதிரான நலன் அவருக்கு இருக்கிறதா என்பது. வழக்குக் காப்பாளராக வருகிறவரின் நலன் குழந்தையின் நலனுக்கு எதிரானதாக இருக்கக் கூடாது என்று 32ஆம் கட்டளையின் 4ஆம் விதி சொல்கிறது. அவரது எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவரை நியமிக்கவும் கூடாது.

இங்கே ஒரு சிக்கலையும் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பநல நீதிமன்றச் சட்டம் (1984) 12ஆம் பிரிவில், மருத்துவ நிபுணரையோ குடும்ப நலத் துறையில் பணியாற்றுபவரையோ, "தரப்பினருக்கு உறவினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்", நீதிமன்றம் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம் என்றே உள்ளது. ஆகவே 'உறவு இருக்கிறது' என்று மட்டும் எழுதிய மனு நிற்பது கடினம். அந்த உறவை அவர் வெளிப்படையாகச் சொன்னாரா, மறைத்தாரா, அது அறிக்கையின் எந்த வரியில் தெரிகிறது என்பதை எழுத வேண்டும். மறைத்தார் என்பதே பல நேரங்களில் உறவைவிடக் கனமான குற்றச்சாட்டு. அறிக்கை தரும் ஒவ்வொருவரும் தரப்பினரோடும் அவர்களது வழக்கறிஞர்களோடும் தமக்குள்ள தொடர்பை முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது என் விருப்பம். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் காப்பாளராக வருகிறவர் தம் சம்மதத்தை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதித் தர வேண்டும் என்று இருக்கிறது. தொடர்பை வெளிப்படுத்தும் படிவம் அதில் இல்லை.

"எங்க வீட்டுக்கு இருபது நிமிஷம்தான் வந்தாங்க. அவங்க வீட்டுல மதியச் சாப்பாடே சாப்பிட்டாங்க. இத எப்படி நிரூபிக்கிறது?"

திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு தாய் இதைச் செய்து காட்டியதை நான் பார்த்தேன். பால் கணக்கு எழுதும் சின்ன நோட்டின் கடைசிப் பக்கங்களில், வீட்டுக்கு வந்து போன ஒவ்வொருவரையும் அன்றன்றே எழுதி வைத்திருந்தார். ஒரு வரி இப்படி இருந்தது: "செவ்வாய், வந்தது 11.10, போனது 11.30, சமையல்கட்டைப் பார்த்தார், என்னிடம் சம்பளம் மட்டும் கேட்டார்." அறிக்கையிலோ, பார்வையிட்ட நேரத்தில் குழந்தை தாயின் அருகே போகாமல் விலகியே நின்றதாக எழுதப்பட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குக் குழந்தை பள்ளியில் இருந்தது. பள்ளி வருகைப் பதிவேட்டின் நகலை வாங்கி அந்த நோட்டோடு சேர்த்துத் தாக்கல் செய்தார்கள். உரக்கப் பேச வேண்டிய தேவையே அவருடைய வழக்கறிஞருக்கு ஏற்படவில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், யார் யாரிடம் பேசினார், என்ன கேட்டார், எதைக் கேட்கவில்லை, குழந்தை எங்கே இருந்தது என்று அன்றைக்கே எழுதுங்கள். மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் பட்டியலுக்கு மதிப்புக் குறைவு. எதிர் வீட்டில் சாப்பிட்டார் என்பதைவிட, அங்கே எத்தனை முறை போனார், இங்கே எத்தனை முறை வந்தார் என்ற ஒப்பீடுதான் பேசும். அறிக்கையில் அவரே தரும் தேதிகளிலிருந்து அதை எடுக்கலாம். அக்கம்பக்கத்தார், வகுப்பாசிரியர், குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் ஆகியோரின் பெயர்களை நீங்கள் கொடுத்தும் அவர் ஒருவரிடமும் பேசவில்லை என்றால், அந்தப் பெயர்களைக் கொடுத்ததற்கு எழுத்து ஆதாரம் வைத்திருங்கள். வாயால் சொன்ன பெயர்களைச் சொல்லவே இல்லை என்று மறுப்பது எளிது.

"ரிப்போர்ட்டைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறாங்க. ரகசியமாமே?"

உங்கள் குழந்தை யாரிடம் இருப்பது என்பதை முடிவு செய்ய நீதிமன்றம் ஒரு தாளை நம்பப் போகிறது என்றால், அந்தத் தாளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு உங்களுக்கு இருக்க வேண்டும். இது இயற்கை நீதியின் அடிப்படை. வழக்கறிஞர் மூலம் நகல் மனு போடுங்கள். அறிக்கை மீது ஆட்சேபணை தாக்கல் செய்ய அவகாசம் கேட்டுத் தனியாக ஒரு மனுவும் போடுங்கள். குழந்தையின் பாதுகாப்புக்காக ஒரு பகுதியை மறைக்க நீதிபதி முடிவு செய்தால், அந்த முடிவு உத்தரவில் பதிவாகும்படி கேளுங்கள்.

சமரசப் பேச்சில் சொன்னது வெளியே வராது என்ற விதி கணவன் மனைவி இருவரும் தங்கள் விவகாரம் பற்றிப் பேசியதற்குப் பொருந்தும். குழந்தையைச் சந்தித்த ஆலோசகர் அதன் நடத்தை, மனநிலை பற்றித் தரும் அறிக்கையை, குழந்தையின் நலனுக்காக நீதிமன்றம் பயன்படுத்தலாம் என்று 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே 'ரகசியம்' என்ற வாதம் இரு பக்கமும் வெட்டும்: அறிக்கை வெளியே வரக் கூடாது என்று தடுப்பதும் கடினம், வந்த பிறகு அதை உங்களுக்குக் காட்டாமல் நம்புவதும் நியாயமில்லை.

"அவரைக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்க முடியுமா?"

கேட்கலாம், நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வழக்கறிஞர் ஆணையரைப் பொறுத்தவரை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, 10ஆம் விதி தெளிவாக இருக்கிறது: அவரது அறிக்கை சாட்சியமாகும், நீதிமன்றமோ, அதன் அனுமதியோடு தரப்பினரோ அவரை நேரில் விசாரிக்கலாம். குடும்பநல நீதிமன்றத்தில், குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி சாதாரணச் சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடு இல்லாமலே எந்த அறிக்கையையும் ஏற்க முடியும் என்பதால், மற்றவர்களின் அறிக்கையைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டால் அது அப்படியே கோப்பில் நிலைத்துவிடும் ஆபத்து இங்கே அதிகம்.

குறுக்கு விசாரணையில் அவரது நேர்மையைத் தாக்குவதைவிட அவரது வேலையைப் பற்றிக் கேட்பது பலன் தரும். எத்தனை முறை குழந்தையைத் தனியாகச் சந்தித்தீர்கள், அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள், தந்தை குடிக்கிறார் என்று யார் சொன்னார்கள், அதை யாரிடம் சரிபார்த்தீர்கள் என்ற கேள்விகளுக்கு வரும் விடைகளே நீதிபதிக்கு உதவும்.

"அம்மான்னாலே குழந்தைய அவங்ககிட்டதான் குடுப்பாங்க, இல்ல? அப்பா பேச்ச யாரு கேக்குறா?"

இதே கேள்வியைத் தாய்மார்கள் நேர்மாறாகக் கேட்கிறார்கள்: "சம்பாதிக்கிறவர் அவர், சட்டமே அப்பாவுக்குத்தானே?" இரண்டுக்கும் சட்டத்தில் ஒரு வேர் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. அதே பிரிவு, 5 வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 'பின்' என்பது தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது, அவர் பொறுப்பேற்காத நிலையையும் குறிக்கும் என்று 1999ஆம் ஆண்டு கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இவை எல்லாவற்றுக்கும் மேலே 13ஆம் பிரிவு நிற்கிறது: குழந்தையின் நலனே முதன்மை. பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் பகுதிகளிலிருந்து வரும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. 1890ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் நல அளவுகோலும் அனைவருக்கும் பொது.

ஆனால் பாரபட்சம் பெரும்பாலும் சட்டப் பிரிவிலிருந்து வருவதில்லை. வீடு பார்க்க வருகிறவரின் பழக்கப்பட்ட எண்ணத்திலிருந்து வருகிறது. புதுச்சேரியில் இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியரைப் பற்றி "தாய் இரவில் வீட்டில் தங்குவதில்லை" என்று எழுதியதைப் படித்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் விடியும் முன் கடலுக்குப் போகும் ஒரு தந்தையைப் பற்றியும் கிட்டத்தட்ட அதே வரி. இரண்டு வீட்டிலும் அந்த நேரத்தில் பாட்டி குழந்தையோடு படுத்திருந்தார் என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை. தாய் வேலைக்குப் போனால் குறை, தந்தைக்குச் சமைக்கத் தெரியாவிட்டால் குறை, மறுமணம் செய்தால் பெண்ணுக்கு மட்டும் குறை.

இவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, "வீட்டுச் சூழல் குழந்தைக்கு ஏற்றதாக இல்லை" என்ற ஒற்றை வரி. அந்த வரிக்குள் வறுமையும் சாதியும் ஒளிந்துகொள்ள முடியும். காலனியில் இருக்கும் ஓட்டு வீட்டையும் நகரில் இருக்கும் மாடி வீட்டையும் பார்த்துவிட்டு இப்படி எழுதினால், எந்தச் சூழல், எதனால் ஏற்றதாக இல்லை என்று விவரம் கேட்டே ஆக வேண்டும். குழந்தையின் நலனைப் பணத்தால் மட்டும் அளக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு சொல்லியிருப்பதை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக் காட்ட வேண்டிய இடம் இதுதான்.

"குழந்தை என்கிட்டதான் இருக்கணும்னு சொல்லுது. அத அவரு எழுதவே இல்ல."

விவரம் தெரிந்து விருப்பம் சொல்லக்கூடிய வயதில் குழந்தை இருந்தால், அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அது எந்த வயது என்று சட்டம் எண் குறிப்பிடவில்லை. 1992ஆம் ஆண்டு இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் குழந்தை தன் கருத்தைச் சொல்லும் உரிமையை வலியுறுத்துகிறது. ஆகவே, குழந்தை சொன்னது அறிக்கையில் விடுபட்டிருந்தால், நீதிபதியே குழந்தையைத் தம் அறையில் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று மனு போடுவது நேரான வழி.

அதே நேரம், குழந்தை உங்களிடம் சொன்னதையும் அவரிடம் சொன்னதையும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். அம்மா வீட்டில் அம்மாவைப் பிடிக்கும் என்றும் அப்பா வீட்டில் அப்பாவைப் பிடிக்கும் என்றும் சொல்லும் குழந்தை பொய் சொல்லவில்லை. இருவரையும் நோகடிக்காமல் இருக்கப் பாடுபடுகிறது. சொல்லிக்கொடுத்த வாக்கியம் போலத் தெரிந்தால் அதை எழுதாமல் விடுவது சரியில்லை. 'இப்படிச் சொன்னது, இந்தக் காரணத்தால் எனக்கு ஐயம்' என்று இரண்டையும் எழுதுவதே நேர்மையான அறிக்கை.

"என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த பணத்துக்கு அவர் அண்ணனைக் கார்டியனாப் போட்டாங்க. இப்ப குழந்தையும் தன்கிட்டதான் இருக்கணும்ங்கிறாரு."

முதல் பதிலில் சொன்ன 19ஆம் பிரிவு இங்கே உங்களுக்குத் துணை நிற்கும்: தாய் உயிரோடும் தகுதியோடும் இருக்கும்போது வளர்ப்பு வேறு, சொத்துப் பொறுப்பு வேறு. பணத்தைக் கையில் வைத்திருப்பவரே குழந்தையையும் கேட்கும்போது எதற்காகக் கேட்கிறார் என்ற கேள்வி எழுவது நியாயம். அதை நீதிமன்றத்தில் கேட்க வழி இருக்கிறது.

சொத்துக் காப்பாளர் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் குழந்தையின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 5 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது (29ஆம் பிரிவு). நீதிமன்றம் கேட்டால் பிணைப் பத்திரமும் சொத்துப் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும் (34ஆம் பிரிவு). கணக்குக் கேட்டு மனு போடுங்கள். கணக்கில் வரும் ஓட்டைகள், நீக்கம் கேட்கும் மனுவுக்கு உங்கள் வாக்குமூலத்தைவிட வலுவான ஆதாரம்.

"அவரை மாத்தணும்னா எந்த மனு போடணும்? எவ்வளவு நாளுக்குள்ள?"

எந்த வகை ஆள் என்பதைப் பொறுத்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பாளர் என்றால் 39ஆம் பிரிவு: நம்பிக்கை மோசடி, கடமை தவறுதல், குழந்தையைத் துன்புறுத்துதல் அல்லது கவனிக்காமல் விடுதல், நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், கடமைக்கு முரணான சொந்த நலன் இருத்தல் முதலியவை நீக்கத்துக்கான காரணங்கள். குழந்தையின் நலனில் அக்கறையுள்ள யாரும் மனு போடலாம். நீதிமன்றம் தானாகவும் நீக்கலாம். வழக்குக் காப்பாளர் என்றால் 32ஆம் கட்டளையின் 11ஆம் விதி. ஆலோசகர், ஆணையர் என்றால் வேறொருவரை நியமிக்கக் கோரும் இடைக்கால மனு, கூடவே அறிக்கை மீதான ஆட்சேபணை.

நீக்கம் கேட்பதற்கு முன் 43ஆம் பிரிவை நினைத்துப் பாருங்கள். காப்பாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் வழிகாட்டும் உத்தரவு போட அது இடம் தருகிறது. 'மாதம் இரண்டு முறை தாயோடு பேச விட வேண்டும், பள்ளி மாற்றும் முன் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்' என்பது போன்ற உத்தரவே பல குடும்பங்களுக்குப் போதுமானது. நாள் கணக்கைப் பொறுத்தவரை, குறை தெரிந்த அடுத்த வாய்தாவிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அறிக்கை சாதகமாக வரும் என்று காத்திருந்து, பாதகமாக வந்த பிறகு 'அவர் அப்போதே எதிர்த் தரப்பின் உறவினர்' என்றால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது.

"மனு போட்டா அவரு கோவத்துல இன்னும் மோசமா எழுத மாட்டாரா?"

அந்தப் பயம் வீணானது என்று சொல்ல மாட்டேன். மனு தள்ளுபடியானால் அவரோடுதான் நீங்கள் தொடர வேண்டியிருக்கும். அதனால் மனுவின் மொழி முக்கியம். 'பணம் வாங்கிவிட்டார்' என்று ஆதாரமில்லாமல் எழுதிய மனு உங்களுக்கே திரும்பி வரும். 'மூன்று முறை எதிர்மனுதாரர் வீட்டுக்கும் ஒரு முறை என் வீட்டுக்கும் வந்தார், என் வீட்டுக்கு வந்தபோது குழந்தை அங்கில்லை, ஆகவே குழந்தை இருக்கும் நேரத்தில் மீண்டும் பார்வையிட வேண்டும்' என்று எழுதினால் அது நீதிமன்றத்துக்கும் ஏற்கத்தக்கது, அவருக்கும் அவமானமில்லாமல் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு. என் அனுபவத்தில், ஆளை மாற்றக் கேட்பதைவிட வேலையை முழுமையாகச் செய்யச் சொல்லிக் கேட்ட மனுக்களே அதிகம் பலித்தன.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு; ஆண்கள் வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

"அவர் பேசினத போன்ல ரெக்கார்டு பண்ணிருக்கேன். ஃபேஸ்புக்குல போட்டா நாலு பேருக்குத் தெரியும்ல?"

போடாதீர்கள். குடும்பநல நீதிமன்ற விசாரணையை மூடிய அறையில் நடத்த குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருவது குழந்தையின் மானத்தைக் காக்கத்தான். நீங்கள் போட்ட காணொளியை நாளைக்கு உங்கள் குழந்தையின் வகுப்புத் தோழன் பார்ப்பான். எதிர்த் தரப்பு அதை அச்சிட்டு, இவருக்குக் குழந்தையின் நலனில் அக்கறையில்லை என்று தாக்கல் செய்யும். பதிவை வழக்கறிஞரிடம் கொடுங்கள்; நீதிமன்றத்தில் அதைக் காட்டுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். குழந்தையைப் பேச வைத்துப் பதிவு செய்வதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

"நான் கடலூர், கேஸ் புதுச்சேரியில. அங்க எல்லாருமே அவங்க ஆளுங்க. ஊரை மாத்த முடியுமா?"

காப்பாளர் மனு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில் போடப்பட வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. ஊர் மாற்றம் கேட்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் உயர் நீதிமன்றம் அதுவே என்பதால் டெல்லி வரை போக வேண்டியதில்லை. ஆனால் 25 கிலோமீட்டர் தூரத்தைக் காட்டி மாற்றம் பெறுவது எளிதில்லை. அறிக்கை எழுதியவர்மீதுதான் குறை என்றால் அவரை மாற்றக் கேளுங்கள். வழக்கையே பெயர்த்துக் கொண்டுபோனால் இழப்பது மாதங்கள், அந்த மாதங்களில் குழந்தை இருக்கும் இடமே அதற்குப் பழகிய இடமாகிவிடும்.

"நாங்க பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்களுக்கும் இதேதானா?"

புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கு, இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று அச்சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதே விலக்கு எழுதப்பட்டது. குடியுரிமையும் இந்த விலக்கும் ஒன்றல்ல. உங்கள் குடும்பம் எதில் வருகிறது என்பதை ஆவணங்களோடு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கு பிரான்சில் நடந்தால், பெற்றோரின் நலனும் குழந்தையின் நலனும் மோதும்போது குழந்தைக்காகத் தனிப் பிரதிநிதியை நியமிக்க அந்நாட்டு சிவில் சட்டத்தின் 388-2ஆம் பிரிவும், விவரம் தெரிந்த குழந்தை தானே கேட்டால் அதை விசாரிக்க 388-1ஆம் பிரிவும் இருக்கின்றன.

"வெளிநாட்டுல குழந்தைக்குன்னு தனியா ஆள் போடுறாங்களாமே, இங்க வந்தா இந்தப் பிரச்சினை தீருமா?"

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், குழந்தை வதை வழக்குகளில் குழந்தைக்கென வழக்குக் காப்பாளரை நியமிப்பதை மாநிலங்களுக்கான நிதியுதவியின் நிபந்தனையாக்கியது. பெற்றோருக்கிடையிலான வழக்குகளில் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறுகிறது. இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டு முதல் இதற்கென ஒரு தனி அமைப்பே இயங்குகிறது. அங்கும் பெற்றோர் இதே பாரபட்சக் குறையைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி நியமிக்கப்பட்டவர்மீது இழப்பீட்டு வழக்குப் போடவே முடியாதபடி பாதுகாப்பு இருப்பது அந்தக் குறையை இன்னும் கூர்மையாக்குகிறது.

குழந்தைக்கென ஒருவர் நிற்பது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் எத்தனை முறை குழந்தையைப் பார்க்க வேண்டும், யார் யாரிடம் பேச வேண்டும், எந்தத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும், அறிக்கையை எத்தனை நாள் முன்னால் இரு தரப்புக்கும் தர வேண்டும் என்பவை எழுதப்படாத வரை, புதிய பெயரில் பழைய குறையே வரும்.

"தீர்ப்பே வந்துடுச்சு. அந்த ரிப்போர்ட்டை வச்சுத்தான் குடுத்தாங்க. இனிமே ஒண்ணும் முடியாதா?"

முடியும். குடும்பநல நீதிமன்றத்தின் இறுதி உத்தரவுக்கு எதிராக 30 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை விசாரிக்கும். அங்கே முதலில் பார்க்கப்படுவது, கீழே நீங்கள் ஆட்சேபித்தீர்களா என்பது. மேலே சொன்ன நகல் மனு, ஆட்சேபணை, குறுக்கு விசாரணைக் கோரிக்கை ஆகியவை அப்போது மறுக்கப்பட்டிருந்தாலும் இப்போது உங்களுக்குக் கை கொடுக்கும்.

முப்பது நாள் கடந்துவிட்டாலும் கதவு முழுக்க மூடவில்லை. குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் அப்போதைய சூழ்நிலையை வைத்துப் போடப்படுபவை, சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கவை என்று, சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973ஆம் ஆண்டே சொல்லப்பட்டது. குழந்தை வளர்ந்திருக்கும், பள்ளி மாறியிருக்கும், நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள். அதுவரை கிடைத்த சந்திப்பு நாள்களை ஒன்றுகூட விடாமல் பயன்படுத்தியிருப்பது, புதிய மனுவுக்கு எந்தச் சட்டப் பிரிவையும்விடப் பெரிய துணை.

"அவர் வரும்போது குழந்தைகிட்ட என்ன சொல்லி வைக்கிறது?"

ஒருமுறை நீதிமன்றத் தாழ்வாரத்தில், பள்ளிச் சீருடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம், "நான் என்ன சொன்னா ரெண்டு பேரும் அழ மாட்டாங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த விடைகள் அத்தனையும் அந்தக் கேள்வியில் தெரிந்தன.

வரப்போகிறவர் யார், எதற்காக வருகிறார் என்பதைக் குழந்தைக்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள். கேட்பதற்கு நினைத்ததைச் சொல்லலாம், சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்லாமலும் இருக்கலாம், அதற்காக வீட்டில் யாரும் திட்ட மாட்டார்கள் என்று சொல்லுங்கள். அவர் நல்லவர், கெட்டவர், அப்பா அனுப்பிய ஆள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். உங்கள் சந்தேகம் மனுவில் இருக்கட்டும். அவர் போன பிறகு "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே" என்று தொடங்காதீர்கள். பசிக்கிறதா என்று கேட்டு, சாப்பிட ஏதாவது கொடுத்து, விளையாட அனுப்பிவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து நோட்டில் நேரத்தை எழுதுங்கள்.